உயிரோடிருந்தும் வாய் திறக்காத சர்வர்: கண்காணிப்பும் தானியங்கி மீட்பும்

ஜூன் மாதத்தில் கிருஷ்ணகிரி வட்டாரத்து மாம்பழக்கூழ் ஆலை எதன் வாசலுக்குப் போனாலும், பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டிகள் எடைமேடைக்கு முன்னால் வரிசை கட்டி நிற்பதைக் காணலாம். வண்டி மேடையில் ஏறியதும் லோடு எடை, காயை இறக்கிவிட்டு வெளியேறும்போது காலி எடை, இரண்டின் வித்தியாசத்துக்கு அச்சிட்ட சீட்டு என்பது அங்குள்ள நடைமுறை. நான் மென்பொருள் பராமரிக்கும் ஓர் ஆலையில் இந்தப் பதிவுகளையெல்லாம் லினக்ஸில் ஓடும் ஒரு சர்வர் செயலி ஏற்றுக்கொள்கிறது. எடைமேடை அறை, காய் இறக்குமிடம், கணக்கர் அறை ஆகிய மூன்று இடங்களின் கணினிகளும் ஆலைக்குள் இருக்கும் வலையமைப்பு வழியாக அதனோடு பேசுகின்றன.

சில பருவங்களுக்கு முன்பு, ஓர் இரவு 11 மணியளவில் அந்தச் செயலி பதில் சொல்வதை நிறுத்திவிட்டது. கணினி ஓடிக்கொண்டிருந்தது, செயலியின் நிலையைக் கேட்டால் ‘ஓடுகிறது’ என்று பச்சை எழுத்தில் வந்தது, எச்சரிக்கை எதுவும் வரவில்லை. ஆனால் எடைமேடைத் திரையில் சுழலும் வட்டம் மட்டும் நிற்கவே இல்லை. காவலாளி என்னைத் தொலைபேசியில் எழுப்புவதற்குள் வண்டி வரிசை சாலையைத் தொட்டுவிட்டது. அன்று நான் செய்தது ஒரே ஒரு ரீஸ்டார்ட்தான். அந்த ஒற்றை வேலையைக் கணினியே செய்திருக்கலாமே என்ற கேள்வியிலிருந்து எழுந்த ஏற்பாட்டையே இங்கே படிப்படியாக விளக்குகிறேன். ஆணைகளையும் அமைப்பு வரிகளின் பெயர்களையும் ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கோப்பில் தட்டும்போது அவற்றின் ஆங்கில எழுத்துகளையே தட்ட வேண்டும்.

செத்தது வேறு, ஊமையானது வேறு

ஒரு புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) பிழையால் வெளியேறிவிட்டால் அதைக் கண்டுபிடிப்பது எளிது, ஏனெனில் அதைத் தொடங்கிவைத்த சிஸ்டம்டிக்கு (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல்) அந்தச் செய்தி உடனே போய்ச் சேர்கிறது. ஊமையான புராசஸ் அப்படி எந்தச் செய்தியையும் அனுப்புவதில்லை. புராசஸ் பட்டியலில் அதன் எண் அப்படியே இருக்கும், நினைவகமும் அதன் கையிலேயே இருக்கும், வேலை மட்டும் நடக்காது.

இந்த நிலைக்குப் பெரும்பாலும் காரணமாவது முடிவில்லாத காத்திருப்பு. எங்கள் செயலி எடைக்காட்டியிலிருந்து வரும் எண்ணை ஆர்எஸ்-232 தொடர் போர்ட் வழியாக வாசிக்கிறது. அந்த வாசிப்புக்குக் கால வரம்பு எதையும் முன்பு எழுதியவர் வைக்கவில்லை. கம்பி தளர்ந்தாலோ எடைக்காட்டியின் மின்சாரம் போனாலோ, வாசிக்கப் போன த்ரெட் (செயலிக்குள் ஒரு வேலையைச் செய்யும் இழை) திரும்பி வராது. காவலாளி மறுபடி பொத்தானை அழுத்த, அடுத்த த்ரெட்டும் அங்கேயே போய் நிற்கும். செயலியிடம் இருப்பவை எட்டு த்ரெட்கள் என்றால் எட்டாவது அழுத்தத்தோடு கதை முடிந்தது. அதன்பின் எடைக்காட்டியோடு எந்தத் தொடர்பும் இல்லாத கணக்கர் அறைக்கும் பதில் கிடையாது. டேட்டாபேஸில் ஒருவர் பூட்டிய வரிசைக்காக மற்றவர்கள் காத்திருப்பது, இரண்டு த்ரெட்கள் ஒன்றன் பூட்டை மற்றொன்று எதிர்பார்த்து நிற்பது, கோப்பு விளக்கிகள் வழக்கமான மென் வரம்பான 1024-ஐத் தொட்டுவிடுவதால் புதிய இணைப்பை ஏற்க முடியாமல் போவது, லாக் பெருகி வட்டு நிரம்புவது ஆகியவை மற்ற வழக்கமான காரணங்கள்.

போர்ட் திறந்திருப்பதைச் சாட்சியாகக் கொள்ள வேண்டாம்

கண்காணிப்பு அமைப்பவர்கள் முதலில் செய்யும் தவறு, செயலியின் வலையமைப்புப் போர்ட்டுக்கு இணைப்பு கிடைக்கிறதா என்று மட்டும் பார்ப்பது. நானும் அதைத்தான் செய்திருந்தேன். டிசிபி இணைப்பின் மூன்று கட்டக் கைகுலுக்கலைச் செய்து முடிப்பது லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலே தவிர நம் செயலி அன்று. செயலி பிறகு வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிந்த இணைப்புகளைக் கெர்னல் ஒரு வரிசையில் அடுக்கி வைக்கிறது. ஆகவே செயலி முற்றிலும் உறைந்துபோயிருந்தாலும், அந்த வரிசை நிரம்பும்வரை வெளியிலிருந்து வரும் ஒவ்வொருவருக்கும் இணைப்பு கிடைத்துக்கொண்டே இருக்கும். இந்த வரிசைக்கான கெர்னல் உச்சவரம்பு லினக்ஸ் 5.4 பதிப்பிலிருந்து 128 என்பதிலிருந்து 4096 ஆக உயர்த்தப்பட்டிருக்கிறது. செயலியும் பெரிய வரிசையைக் கேட்டுப் பெற்றிருந்தால், சிறிய ஆலையின் போக்குவரத்தில் அது நிரம்ப நெடுநேரம் ஆகும். அதுவரை போர்ட் சோதனை பச்சையாகவே இருக்கும்.

இதே வரிசை நமக்கு ஒரு நல்ல துப்பும் தருகிறது. எஸ்எஸ் என்ற கருவியை எல், டி, என் ஆகிய மூன்று தேர்வு எழுத்துகளோடு ஓட்டினால், கேட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ரிசீவ்-க்யூ, செண்ட்-க்யூ என்ற இரு எண்கள் வரும். கேட்கும் போர்ட்டைப் பொறுத்தவரை முதல் எண் எடுத்துக்கொள்ளப்படாமல் காத்திருக்கும் இணைப்புகள், இரண்டாவது எண் வரிசையின் கொள்ளளவு. முதல் எண் பூச்சியத்தில் இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் செயலி இணைப்புகளை எடுக்கவில்லை என்று பொருள்.

என்ன கேள்வி கேட்பது

நலச்சோதனைக்கென்று செயலியில் ஒரு தனி முகவரி வேண்டும். ‘சரி’ என்ற சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு திருப்பும் முகவரியால் பயன் குறைவு. வண்டி எடை பதிவாகும் அதே பாதையில் அந்தக் கேள்வியும் போய்வர வேண்டும்: அதே த்ரெட் தொகுப்பு, அதே டேட்டாபேஸ் இணைப்புத் தொகுப்பு. டேட்டாபேஸில் ஒரு வரி வாசித்துவிட்டுத் திரும்பினால் போதும், எழுதத் தேவையில்லை.

இங்கே நிதானமாக முடிவெடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எடைக்காட்டியின் இணைப்பையும் இந்தச் சோதனையில் சேர்க்கலாமா? சேர்க்கக் கூடாது என்பதே என் முடிவு. கம்பி கழன்றிருந்தால் செயலியை நூறு முறை மறுபடி தொடங்கினாலும் கம்பி தானாகச் செருகிக்கொள்ளாது. ஆனால் ஒவ்வொரு மறுதொடக்கத்திலும் கணக்கர் அறையின் வேலையும் அறுபடும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகக்கூடிய கோளாறுகளை மட்டுமே ரீஸ்டார்ட்டைத் தூண்டும் சோதனையில் வைக்க வேண்டும். மற்றவற்றுக்குத் ‘தயார்நிலை’ என்று இரண்டாவது முகவரி ஒன்றை வைத்து, அதன் பதிலைத் திரையில் காட்டவும் எச்சரிக்கை அனுப்பவும் மட்டும் பயன்படுத்த வேண்டும். பல கணினிகளில் செயலிகளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டிஸில் லைவ்னஸ் (உயிரோடிருக்கிறதா), ரெடினஸ் (தயாரா) என்று இரண்டு சோதனைகள் தனித்தனியே இருப்பதும் இந்தப் பிரிவினைக்காகத்தான்.

டேட்டாபேஸ் இந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. டேட்டாபேஸ் சர்வரே நின்றுவிட்டால் செயலியை மறுதொடக்கம் செய்வதால் பயனில்லை. ஆனால் செயலியின் இணைப்புத் தொகுப்பு வற்றிப்போயிருந்தால் மறுதொடக்கமே மருந்து. ஆகவே, டேட்டாபேஸ் உடனடியாகப் பிழை சொன்னால் நல முகவரி 200 என்ற (எச்டிடிபியில் ‘சரி’ என்று பொருள்படும்) எண்ணோடு ‘டேட்டாபேஸ் இல்லை’ என்று பதில் சொல்லட்டும். இணைப்புக்காகக் காத்துக் காத்துப் பதிலே வராமல் போனால் அது ஹேங், அதாவது ஊமை நிலை. பிழையாக இருந்தாலும் பதில் சொல்கிற செயலி உயிரோடிருக்கிறது என்பதே கணக்கு.

முதல் அடுக்கு: செத்தால் எழுப்புவது

செயலியின் சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பில் ரீஸ்டார்ட் என்ற வரிக்கு ஆல்வேஸ் என்று மதிப்புக் கொடுங்கள். ஆன்-ஃபெயிலியர் என்று கொடுத்தால், பூச்சிய எண்ணோடு அமைதியாக வெளியேறிவிடும் செயலியை அது எழுப்பாது. ஆல்வேஸ் என்றிருந்தாலும் சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் என்று நாமே நிறுத்தினால் அது குறுக்கே வராது, எனவே பராமரிப்புக்குத் தடையில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டவர்களைக் கோடை இடிமழை நேரத்து மின்வெட்டு பிடித்துக்கொள்ளும். சிஸ்டம்டி ஒரு தோல்விக்கும் அடுத்த முயற்சிக்கும் இடையே இயல்பாக விடும் இடைவெளி 100 மில்லி விநாடிதான். 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க வேண்டியிருந்தால் அது கைவிட்டுவிடும். யுபிஎஸ்ஸும் தீர்ந்து, மின்சாரம் திரும்பி வந்து கணினி எழும்போது, டேட்டாபேஸ் தன் பதிவுகளைச் சரிபார்த்து முடிக்கச் சற்று நேரம் எடுத்துக்கொள்ளும். செயலியோ டேட்டாபேஸ் இல்லை என்று விழுந்து விழுந்து, சில விநாடிகளுக்குள் ஐந்து முயற்சிகளையும் செலவழித்துவிட்டுத் தோல்வி நிலையில் கிடக்கும். பிறகு டேட்டாபேஸ் தயாரானாலும் அதை எழுப்ப ஆளில்லை.

இதற்கு நான் வைத்திருக்கும் மதிப்புகள்: ரீஸ்டார்ட்செக் 10, ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக் 600, ஸ்டார்ட்லிமிட்பர்ஸ்ட் 20. அதாவது 10 விநாடி இடைவெளியில் முயற்சி, 10 நிமிடத்துக்குள் 20 முறை வரை அனுமதி. டேட்டாபேஸ் எழ மூன்று நிமிடம் எடுத்தாலும் செயலி அதன் பின்னாலேயே எழுந்துவிடும். உண்மையிலேயே கோளாறான பதிப்பு ஒன்றை நான் ஏற்றிவிட்டால், அதுவும் முடிவில்லாமல் சுழன்றுகொண்டிருக்காது. ஸ்டார்ட்லிமிட் என்று தொடங்கும் இரு வரிகளும் யூனிட் பகுதியில் எழுதப்பட வேண்டும், சர்வீஸ் பகுதியில் அல்ல. இணையத்தில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டுகளைப் பார்த்துப் படியெடுப்பவர்கள் இதில் தடுக்கி விழுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

டைம்அவுட்ஸ்டாப்செக் என்ற வரியையும் மறக்க வேண்டாம். நிறுத்தச் சொன்னபின் செயலி தானாக முடியட்டும் என்று சிஸ்டம்டி பொதுவாக 90 விநாடி பொறுத்திருந்து, அதன்பின்னரே செயலியால் மறுக்க முடியாத சிக்கில் சைகையால் கொல்லும். ஊமையான செயலி பெரும்பாலும் முடியச் சொல்வதையும் கேட்காது. அந்த 90 விநாடியும் வண்டி வரிசையில்தான் கழியும். நான் இதை 20 ஆக வைத்திருக்கிறேன். பெரிய கோப்பு எழுதி முடிக்க வேண்டிய செயலியாக இருந்தால் கூடுதலாக வையுங்கள்.

இரண்டாம் அடுக்கு: செயலியே அனுப்பும் துடிப்பு

சிஸ்டம்டியில் வாட்ச்டாக்செக் என்று ஒரு வரி உண்டு. அதில் 30 என்று எழுதினால், 30 விநாடிக்குள் ஒரு முறையாவது ‘நான் நலம்’ என்ற துடிப்பைச் செயலி அனுப்ப வேண்டும். வரவில்லையென்றால் சிஸ்டம்டி அதற்குச் சிக்அபார்ட் சைகை அனுப்பி முடித்துவிட்டு, ரீஸ்டார்ட் விதியின்படி மறுபடி தொடங்கும். சிக்அபார்ட் என்பதால், அமைப்பில் அனுமதித்திருந்தால், சாகும் நேரத்து நினைவகப் படமும் கோப்பாகக் கிடைக்கும். குறிப்பிட்ட காலத்தில் பாதிக்கு ஒரு முறை, அதாவது இங்கே 15 விநாடிக்கு ஒரு முறை, துடிப்பு அனுப்புவது நல்லது. இதற்குத் தனி நூலகம்கூடத் தேவையில்லை: நோட்டிஃபை_சாக்கெட் என்ற சூழல் மாறியில் இருக்கும் யூனிக்ஸ் சாக்கெட்டுக்கு வாட்ச்டாக்=1 என்ற ஒரு வரியை அனுப்பினால் போதும்.

துடிப்பை எங்கிருந்து அனுப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. துடிப்புக்கென்று ஒரு தனி த்ரெட்டை வைத்து அதில் 15 விநாடிக்கு ஒரு முறை அனுப்பும்படி எழுதிவிட்டால், வேலை செய்யும் த்ரெட்கள் அத்தனையும் உறைந்துபோனாலும் அந்த ஒன்று மட்டும் உற்சாகமாகத் துடித்துக்கொண்டிருக்கும். மாறாக, வேலைத் த்ரெட்களின் வரிசையிலேயே ஒரு சிறு வேலையைப் போட்டு, அது முடிந்து திரும்பினால் மட்டும் துடிப்பை அனுப்ப வேண்டும். நிகழ்வுச் சுழலில் ஓடும் செயலியானால் அந்தச் சுழலுக்குள்ளிருந்தே அனுப்பலாம். துடிப்பைத் துணைப் புராசஸ் அனுப்புவதாக இருந்தால் நோட்டிஃபைஆக்சஸ் வரிக்கு ஆல் என்று கொடுக்க வேண்டும். இல்லையென்றால் முதன்மைப் புராசஸின் குரலை மட்டுமே சிஸ்டம்டி ஏற்கும்.

மூன்றாம் அடுக்கு: வெளியிலிருந்து கேட்பது

மூல நிரலில் கைவைக்க முடியாத செயலிகளுக்கு இரண்டாம் அடுக்கு கிடைக்காது. வைக்க முடிந்தாலும், வெளியிலிருந்து ஒரு பார்வை வேண்டும். இதற்கு ஒரு சிறு ஸ்கிரிப்ட்டும் அதை ஓட்டும் சிஸ்டம்டி டைமரும் போதும்.

ஸ்கிரிப்ட் முதலில் சிஸ்டம்சிடிஎல் இஸ்-ஆக்டிவ் என்று கேட்கட்டும். செயலியை நாமே நிறுத்தி வைத்திருந்தால் ஸ்கிரிப்ட் பேசாமல் வெளியேற வேண்டும். இந்த ஒரு வரி இல்லாததால், பதிப்பு மாற்றுவதற்காக நான் நிறுத்திய செயலியை என் ஸ்கிரிப்ட்டே பாதியில் கிளப்பிவிட்ட அனுபவம் எனக்கு உண்டு. அடுத்து, கர்ல் கருவியால் நல முகவரியைக் கேட்க வேண்டும். மேக்ஸ்-டைம் தேர்வில் 5 விநாடி கொடுங்கள். கால வரம்பில்லாமல் கேட்டால், ஊமையோடு சேர்ந்து கேட்பவரும் ஊமையாகிவிடுவார். ஃபெயில் என்ற தேர்வும் வேண்டும். அது இல்லாவிட்டால் சர்வர் 500 என்று பிழை சொன்னாலும் கர்ல் வெற்றி என்றே முடியும். கர்ல் வெளியேறும் எண்ணைப் பதிந்து வையுங்கள்: 28 என்றால் நேரம் கடந்தது, 7 என்றால் இணைப்பே கிடைக்கவில்லை, 22 என்றால் பதில் வந்தது ஆனால் பிழை. ரீஸ்டார்ட்டுக்கான தோல்விக் கணக்கில் நான் சேர்ப்பது 28-ஐயும் 7-ஐயும் மட்டுமே. 22-க்கு எச்சரிக்கை போகும், அவ்வளவுதான்.

ஒரு தோல்விக்கே ரீஸ்டார்ட் செய்வது அவசரம். மாலையில் கணக்கர் நாள் முழுவதற்குமான அறிக்கையை எடுக்கும்போது ஆறு விநாடி தாமதமாகலாம். அதற்காகச் செயலியைக் கொல்லக் கூடாது. தொடர்ச்சியாக மூன்று தோல்விகள் என்பது என் அளவு. எண்ணிக்கையை ரன் அடைவில் ஒரு கோப்பாக வைத்தால் கணினி மறுபடி எழும்போது அது தானே அழிந்துவிடும். ஒரு வெற்றி கிடைத்ததும் எண்ணிக்கையைப் பூச்சியமாக்க வேண்டும்.

டைமரில் ஆன்பூட்செக் 3 நிமிடம், ஆன்யூனிட்இனாக்டிவ்செக் 20 விநாடி. இரண்டாவது வரி, முந்தைய சோதனை முடிந்ததிலிருந்து 20 விநாடி கழித்து அடுத்ததைத் தொடங்கும். நேரப்படி ஆணைகளை ஓட்டும் க்ரானில் நடப்பதுபோல் ஒரு சோதனையின் மேல் இன்னொன்று ஏறிக்கொள்ளாது. அக்யுரசிசெக் என்ற வரியை 1 விநாடி என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். அதன் இயல்பு மதிப்பு 1 நிமிடம் என்பதால், குறிப்பிடாவிட்டால் 20 விநாடிச் சோதனை ஒரு நிமிடத்துக்கும் மேலாகத் தள்ளிப்போகலாம்.

இப்போது கணக்குப் பார்க்கலாம். ஒரு சோதனை முடிந்த மறுகணமே செயலி உறைந்தால், 20 விநாடி காத்திருப்பும் 5 விநாடி கேள்வியுமாக மூன்று முறை, 75 விநாடி. சான்று சேகரிக்க 10, நிறுத்த அதிகபட்சம் 20, எங்கள் செயலி எழுந்து பதில் சொல்லப் பத்துச் சொச்சம். மொத்தம் இரண்டு நிமிடத்துக்குள். ஒரு வண்டி மேடையில் ஏறி, நின்று, இறங்கும் நேரத்தைவிட இது பெரிய தாமதம் அன்று. 90 விநாடி நிறுத்தக் காலத்தை அப்படியே விட்டிருந்தால் இதுவே மூன்று நிமிடத்தைத் தாண்டியிருக்கும்.

ஸ்கிரிப்ட் எழுத மனமில்லாதவர்கள் மோனிட் கருவியைப் பயன்படுத்தலாம். குறிப்பிட்ட போர்ட்டில் எச்டிடிபி கேள்வி மூன்று சுற்றுகளுக்குத் தொடர்ந்து தோற்றால் ரீஸ்டார்ட், இத்தனை சுற்றுக்குள் இத்தனை ரீஸ்டார்ட் ஆனால் கண்காணிப்பைக் கைவிடு என்ற இரு விதிகளையும் அதில் ஏறக்குறைய பேச்சு நடையிலேயே எழுதிவிடலாம். செயலியைக் கண்டெய்னர் என்ற தனிப் பொதிக்குள் வைத்து டாக்கரில் ஓட்டுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஹெல்த்செக் தோற்றால் தனித்த டாக்கர் அந்தக் கண்டெய்னரை நலமற்றது என்று குறித்து வைக்குமே தவிர, தானாக மறுதொடக்கம் செய்யாது. விண்டோஸ் சர்வீஸ்களில் உள்ள ரெகவரி பக்கமும் சர்வீஸ் செத்தால் மட்டுமே செயல்படும். ஊமைக்கு அங்கேயும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு ஸ்கிரிப்ட்டுதான் வழி.

கொல்வதற்கு முன் வாக்குமூலம்

தானியங்கி மீட்பின் மிகப் பெரிய தீமை, அது காரணத்தையும் சேர்த்து அழித்துவிடுவது. காலையில் நாம் வந்து பார்க்கும்போது எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், எதனால் நின்றது என்பதற்கு ஒரு தடயமும் இருக்காது. எனவே ரீஸ்டார்ட் ஆணைக்கு முன்னால் ஸ்கிரிப்ட் மூன்று காரியங்களைச் செய்து, தேதியிட்ட ஓர் அடைவில் சேமிக்க வேண்டும்.

முதலாவது, எஸ்எஸ் கருவியின் வெளியீடு. காத்திருக்கும் இணைப்புகளின் எண்ணிக்கை இதில் தெரியும். குளோஸ்-வெயிட் நிலையில் இணைப்புகள் குவிந்திருந்தால், எதிர்முனை போனபின்பும் செயலி தன் பக்கத்தை மூடவில்லை என்று பொருள். இரண்டாவது, டேட்டாபேஸில் யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பது. போஸ்ட்கிரெஸ் ஆனால் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி என்ற காட்சியைப் படியெடுத்தால் போதும். மூன்றாவதும் முதன்மையானதும், ஒவ்வொரு த்ரெட்டும் நிரலின் எந்த வரியில் நிற்கிறது என்பது. ஜாவா செயலிக்குச் சிக்குவிட் சைகை அனுப்பினால் அது சாகாமலே த்ரெட் பட்டியலை லாக்கில் கொட்டும். கோ மொழிச் செயலிக்கு அதே சைகையை அனுப்பினால் பட்டியலைக் கொட்டிவிட்டுச் செத்துப்போகும், இங்கே அதுவும் நமக்குச் சம்மதமே. பைத்தானுக்குப் பை-ஸ்பை கருவி வெளியிலிருந்தே பார்த்துச் சொல்லும்.

இந்த மூன்றில் ஒவ்வொன்றையும் டைம்அவுட் ஆணைக்குள் வைத்து, மொத்தமும் 10 விநாடிக்குள் முடியும்படி வரம்பிடுங்கள். டேட்டாபேஸே உறைந்திருந்தால் சான்று சேகரிப்பும் அங்கே போய் உறையும், மீட்பு நடக்கவே நடக்காது.

எங்கள் ஆலையில் உண்மையான காரணம் பிடிபட்டது இந்த அடைவிலிருந்துதான். ஏழு த்ரெட்கள் தொடர் போர்ட்டை வாசிக்கும் ஒரே வரியில் நின்றன, எட்டாவது அவை வைத்திருந்த பூட்டுக்காக நின்றது.

கை கட்டும் விதிகள்

மீட்பு ஸ்கிரிப்ட்டுக்கு வரம்பு வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தும் செயலி மறுபடி ஊமையானால், நான்காவது முறை செய்யாமல் டெலிகிராம் பாட் வழியாக எனக்கும் ஆலையின் இரவுப் பொறுப்பாளருக்கும் செய்தி அனுப்பிவிட்டு நிற்கும்படி வைத்திருக்கிறேன். அந்த நிலையில் எடைமேடையில் இருப்பவர் கைச்சீட்டுக்கு மாறிக்கொள்வார். சில நிமிடத்துக்கு ஒரு முறை அறுந்து அறுந்து ஓடும் செயலியில் பாதி எடை பதிவாகிப் பாதி போய்விடும்; காலி எடை இல்லாத லோடு எடைகளோடு மறுநாள் விவசாயிகளுக்குக் கணக்குச் சொல்வதைவிட, ஓர் இரவு முழுக்கக் கைச்சீட்டில் ஓட்டுவது மேல். கணினியையே மறுதொடக்கம் செய்யும் ஆணையைச் சிஸ்டம்டியில் இணைக்க முடியும். அதை இந்த இடத்தில் இணைக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

நடுவே அறுபட்ட கோரிக்கையைத் திரை மறுபடி அனுப்பும்போது ஒரே வண்டிக்கு இரண்டு சீட்டு விழாதபடி, ஒவ்வொரு எடைக்கும் திரையே ஓர் அடையாள எண் தந்து, டேட்டாபேஸ் அதை ஒரு முறைக்கு மேல் ஏற்காதபடி செய்துவிடுங்கள். தானாக ரீஸ்டார்ட் ஆகும் எந்தச் செயலிக்கும் இது முன் நிபந்தனை.

ரீஸ்டார்ட்டால் தீராத ஒரு நிலையும் உண்டு. பழுதான வட்டுக்காகவோ, அறுந்துபோன வலைவட்டுக்காகவோ காத்திருக்கும் புராசஸ், பட்டியலில் டி என்ற எழுத்தோடு நிற்கும். அதன் காத்திருப்பு முடியும்வரை பெரும்பாலும் சிக்கில் சைகையும் அதைத் தொடாது. ஸ்கிரிப்ட் இந்த எழுத்தைக் கண்டால் ரீஸ்டார்ட் முயற்சியில் நேரம் கழிக்காமல் உடனே ஆளை அழைக்கட்டும்.

கணினியே நின்றால்

கெர்னலே உறைந்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் ஓடாது. பல மதர்போர்டுகளிலும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியிலும் வன்பொருள் வாட்ச்டாக் உண்டு. சிஸ்டம்டியின் முதன்மை அமைப்புக் கோப்பில் ரன்டைம்வாட்ச்டாக்செக் என்ற வரிக்கு மதிப்புக் கொடுத்தால், சிஸ்டம்டி அதைத் தொடர்ந்து தட்டிக்கொண்டிருக்கும், தட்டுவது நின்றால் வன்பொருள் கணினியை மறுதொடக்கம் செய்யும். ராஸ்பெர்ரி பையில் இதன் உச்சம் ஏறத்தாழ 15 விநாடி, அதற்கு மேல் எழுத வேண்டாம்.

இதற்கும் அப்பால், வேறொரு கணினியிலிருந்து வலையமைப்பு வழியாகவே ஒரு பார்வை வேண்டும். சர்வருக்குள் ஓடும் சோதனைக்கு ஸ்விட்ச்சின் மின்சாரம் போனது தெரியாது. கணக்கர் அறைக் கணினியில் அதே கர்ல் கேள்வியை ஓட்டுங்கள். ஆனால் அந்தக் கணினி எச்சரிக்கை மட்டும் அனுப்பட்டும், ரீஸ்டார்ட் அதிகாரம் அதற்கு வேண்டாம். கேள்வி தோற்றதும் முதலில் ரூட்டர் பதில் சொல்கிறதா என்று பார்க்கும்படி எழுதினால், தன் கம்பி கழன்றதற்குச் சர்வரைக் குறை சொல்லாது.

பருவத்துக்கு முன் ஒத்திகை

காய் வரத்து தொடங்குவதற்கு முன்பே, ஆலை சும்மா இருக்கும் நாள் ஒன்றில் எல்லாவற்றையும் உடைத்துப் பார்க்க வேண்டும். ஊமையாக்குவதற்கு எளிய வழி, கில் ஆணையால் புராசஸுக்குச் சிக்ஸ்டாப் அனுப்புவது. புராசஸ் அப்படியே உறைந்து நிற்கும், போர்ட் இணைப்பு கிடைத்துக்கொண்டே இருக்கும், பதில் மட்டும் வராது. கையில் கடிகாரத்தோடு எத்தனை விநாடியில் மீள்கிறது என்று பாருங்கள்.

ஆனால் இந்த ஒத்திகை உண்மையைவிட வேகமாக முடியும். நிறுத்தும்போது சிஸ்டம்டி முடிக்கும் சைகையோடு சிக்கான்ட் சைகையையும் சேர்த்தே அனுப்புவதால், நாம் உறையவைத்த புராசஸ் விழித்துக்கொண்டு ஒழுங்காக வெளியேறிவிடும். உண்மையான ஊமையோ நிறுத்தக் காலம் முழுவதையும் தின்றுவிட்டே போகும். அதைச் சோதிக்க, சோதனைப் பதிப்பில் மட்டும், எல்லாத் த்ரெட்களையும் தூங்கவைத்து முடிக்கும் சைகையையும் கண்டுகொள்ளாத ஒரு மறைமுகவரியை எழுதி அதை அழைத்துப் பாருங்கள்.

அடுத்து டேட்டாபேஸை நிறுத்திப் பாருங்கள். பிறகு சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கி, திரும்பச் செருகி, கைவைக்காமல் எல்லாம் எழுகிறதா என்று பாருங்கள். கடைசியாக எடைக்காட்டியின் தொடர் கம்பியைக் கழற்றுங்கள். அந்த வாசிப்புக்கு 2 விநாடிக் கால வரம்பு வைத்தபின் எங்கள் ஆலையில் இப்போது நடப்பது இதுதான்: எடைமேடைத் திரையில் ‘எடைக்காட்டி இணைப்பில்லை’ என்று சிவப்பு எழுத்து வருகிறது, கணக்கர் அறையின் அறிக்கை வழக்கம்போல் அச்சாகிறது, ரீஸ்டார்ட் எதுவும் நடப்பதில்லை, காவலாளி எழுந்துபோய்க் கம்பியைச் செருகுகிறார்.